கலைச்சொல் விவாதம்: குத்துச்சண்டையில் ‘பிரைம்’ என்பதற்குக் ‘கையோங்கு காலம்’

பாளையங்கோட்டையிலிருந்து:

அன்புள்ள குழுவினருக்கும், இந்த இழையைத் தொடங்கிவைத்த கோவில்பட்டி அண்ணாச்சிக்கும் வணக்கம்.

‘தன்னுடைய பிரைமில் (ஆற்றல் மிகுந்திருக்கும் காலத்தில்) எதிராளிகளை மிகுதியாக டாமினேட் செய்த குத்துச்சண்டை வீரர் யார்’ என்ற கேள்வியை நல்ல தமிழில் எப்படிக் கேட்பது என்று அண்ணாச்சி எழுதியதற்கு இதுவரை பல சொற்கள் வந்திருக்கின்றன. அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், சொல்லை மாற்றும்போதெல்லாம் விடையாக வரும் வீரரும் மாறிவிடுவது தெரிகிறது. ஆகவே ஒரு சொல் காதுக்கு இனிக்கிறதா என்பதைவிட, அது எந்த வீரரைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்துகிறது என்று பார்த்தே அதைக் கொள்ளவோ தள்ளவோ வேண்டும் என்பது என் கருத்து.

‘ஆட்சிக்காலம்’ என்று வைத்துக்கொண்டால் ஜோ லூயிஸை மறுக்கவே முடியாது. 1937 ஜூனில் பிராடக்கை எட்டாம் சுற்றில் வீழ்த்திப் பெற்ற ஹெவிவெயிட் (மிகை எடைப் பிரிவு) பட்டத்தை 25 முறை தக்கவைத்து, 1949இல் ஓய்வு பெறும்வரை அவர் கைவிடவில்லை. ஆனால் போர்ப்பணி காரணமாக 1942 மார்ச்சுக்குப் பிறகு 1946 ஜூன் வரை அவர் பட்டத்துக்காகச் சண்டையிடவே இல்லை. அந்த ஆண்டுகளும் ஆட்சிக்கணக்கில்தான் சேர்கின்றன. 1947 டிசம்பரில் ஜெர்சி ஜோ வால்காட் அவரை இருமுறை தரையில் விழவைத்தார். நடுவர்களுக்குள் கருத்து பிளவுபட்ட நிலையில்தான் லூயிஸ் தப்பினார். பட்டம் அன்றும் அவரிடம்தான் இருந்தது. ஆனால் அன்றைய லூயிஸை, 1938இல் ஷ்மெலிங்கை 124 வினாடிகளில் முடித்த லூயிஸோடு ஒரே சொல்லுக்குள் அடைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

‘வாகைக்காலம்’ என்பது புறத்திணை மணக்கும் அழகிய சொல். எனினும் வாகை முடிவை மட்டுமே எண்ணும். அப்படி எண்ணினால் 49 சண்டைகளிலும் வென்ற ராக்கி மார்சியானோவும், 50 சண்டைகளிலும் வென்ற மேவெதருமே வரிசையில் முதலில் நிற்பார்கள். 1952 செப்டம்பரில் அதே வால்காட்டிடமிருந்து மார்சியானோ பட்டம் வென்ற சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றிலேயே விழுந்து எழுந்தவர், பன்னிரண்டு சுற்றுகள் முடிந்தபோது மூன்று புள்ளித்தாள்களிலும் பின்தங்கியிருந்தார். பதின்மூன்றாம் சுற்றில் ஒரே வலக்கைக் குத்தால் வால்காட்டைச் சாய்த்தார். மகத்தான வெற்றிதான், ஆனால் அந்த இரவின் பெரும்பகுதி வால்காட்டுடையது.

‘உச்சம்’ என்பது ஒரு புள்ளி. 1988 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 வினாடிகளில் டைசன் முடித்தது உச்சம். 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லாண்ட் வில்லியம்ஸை அலி மூன்று சுற்றுக்குள் சின்னாபின்னமாக்கியதும் உச்சம். நமக்கு வேண்டியதோ ஒரு காலப்பகுதியைக் குறிக்கும் சொல். குற்றாலத்தில் சீசன் என்று நாம் சொல்வது அருவியில் அதிகத் தண்ணீர் விழுந்த ஒரு நாளையா? சாரல் பிடித்து, அருவி இடைவிடாமல் விழும் அத்தனை வாரங்களையும் சேர்த்துத்தானே சொல்கிறோம்.

அண்ணாச்சியே முன்மொழிந்த ‘இளந்தாரிப் பருவம்’ நம் மண்ணின் சொல் என்பதால் அதைத் தள்ளுவது எனக்குக் கடினமாக இருக்கிறது. ஆயினும் அது வயதோடு கட்டுண்டது. டைசன் 20 வயதில் பட்டம் பெற்றார். பெர்னார்டு ஹாப்கின்ஸோ, 2001 செப்டம்பரில் ஃபெலிக்ஸ் டிரினிடாடை வீழ்த்தி, வெவ்வேறு அமைப்புகள் வழங்கும் மிடில்வெயிட் (இடை எடைப் பிரிவு) பட்டங்களை ஒன்றாக்கியபோது 36 வயதைக் கடந்திருந்தார். அவர் அதைவிடச் சிறப்பாகச் சண்டையிட்ட நாள் வேறு உண்டா என்பதே ஐயம். அவரை இளந்தாரி என்று அழைத்தால் கேட்பவர் சிரிப்பார்.

தென்காசி அன்பர் சொன்ன ‘செவ்வி’ பொருளளவில் மிக நெருங்கி வருகிறது. ‘செவ்வி தலைப்படுவார்’ என்ற குறள் தொடரில் அது பக்குவம் கனிந்த வேளையையே குறிக்கிறது. ஆனால் ஈழத்தமிழ் இதழ்களில் அது இன்று நேர்காணலைக் குறிக்கும் சொல். ‘அலியின் செவ்வி’ என்று எழுதினால் யாழ்ப்பாணத்து வாசகர் அவருடைய பேட்டியைத் தேடுவார். அலி அந்தத் துறையிலும் எவரையும் விட்டுவைக்கவில்லை என்பது வேறு செய்தி.

‘ஆதிக்கம்’, ‘மேலாதிக்கம்’ இரண்டையும் நான் ஏற்கவில்லை. நம் மாவட்டத்தில் அச்சொல்லைச் செய்தித்தாளில் கண்டதும் மனத்தில் எழுவது குத்துச்சண்டைக் களமன்று.

என் பரிந்துரை ‘கையோங்கல்’. அது நீடிக்கும் காலம் ‘கையோங்கு காலம்’. கபடிக் களத்திலும் சிலம்பக் களத்திலும் ‘இப்ப அவம் கைதான் ஓங்கி நிக்கு’ என்று நம் ஊரார் சொல்லும்போது ஆட்டம் இன்னும் முடிந்திருக்காது. யார் வெல்வார் என்பதையும் அவர்கள் சொல்லவில்லை. ஆட்டம் இந்நேரம் யாருடைய விருப்பப்படி நடக்கிறது என்பதையே சொல்கிறார்கள். டாமினன்ஸ் என்ற சொல் தேடும் பொருளும் அதுதான். மேலும் ‘ஓங்கு காலம்’ வினைத்தொகை என்பதால் முக்காலத்துக்கும் பொருந்தும். இன்று களத்தில் நிற்கும் உசிக்குக்கும் இனோவேக்கும் அதே சொல்லைத் தயங்காமல் வழங்கலாம். வினைத்தொகையில் ஒற்று மிகாது என்பதையும் அச்சுக்குப் போகுமுன் நினைவில் வைக்க வேண்டும்.

இச்சொல்லை அளவுகோலாகக் கொண்டால் என் விடை ராய் ஜோன்ஸ். 1994 நவம்பரில், அதுவரை தோல்வியே காணாத ஜேம்ஸ் டோனி, எதிராளியைத் தம்மருகே வரவழைத்துத் திருப்பி அடிப்பதில் தேர்ந்தவர், பன்னிரண்டு சுற்றிலும் ஜோன்ஸை அந்தப் பொறிக்குள் இழுக்க முடியாமல் தவித்தார். ஒரு நடுவர் ஜோன்ஸுக்குச் சாதகமாக 119-108 என்று புள்ளியிட்டார். 1995 ஜூனில் வின்னி பாஸியென்சாவோடு மோதியபோது, நான்காம் சுற்று முழுவதிலும் எதிராளியின் குத்து ஒன்றுகூட ஜோன்ஸ் மேல் படவில்லை என்று குத்துகளை எண்ணுவோர் பதிவு செய்தனர். 1997 மார்ச்சில் மான்டெல் கிரிஃபினிடம் அவர் தோற்றதாகக் கணக்கு இருக்கிறது. கிரிஃபின் அன்று நன்றாகவே சண்டையிட்டார்; எனினும் ஒன்பதாம் சுற்றில் அவர் முழங்காலிட்ட பிறகும் அடித்ததற்காக ஜோன்ஸ் தகுதிநீக்கம் செய்யப்பட்டதே அத்தோல்வி. ஆகஸ்டில் நடந்த மறுசண்டையை ஜோன்ஸ் முதல் சுற்றிலேயே வென்று முடித்தார். வாகைக்கணக்கில் இது ஒரு கறை, கையோங்கலில் கறையன்று.

குழுவினர் கருத்தை எதிர்நோக்கும்,
பாளையங்கோட்டைத் தம்பி

கோவில்பட்டியிலிருந்து:

அன்புள்ள தம்பிக்கு,

இளந்தாரியை நீங்கள் வழியனுப்பிய விதத்தில் எனக்கு வருத்தமில்லை. ஹாப்கின்ஸை வைத்து மடக்கியது நியாயமே. ஆனால் உங்கள் சொல்லிலும் இரண்டு முடிச்சுகள் இருக்கின்றன.

முதலாவது, ‘மனைவி மேல் கையோங்கினான்’ என்றும் நாம் எழுதுகிறோம். அடிக்க முற்படும் வன்முறையைக் குறிக்கும் தொடர், ஒரு விளையாட்டின் கலைச்சொல்லில் நிழலாக வந்து நிற்கலாமா?

இரண்டாவது இன்னும் பெரியது. கை ஓங்கியது என்றால் யார் மேல் என்று கேட்க வேண்டாமா? 1999 ஜனவரியில் ஜோன்ஸோடு மோதிய ரிக் ஃப்ரேஸியர் காவல்துறை வேலையும் பார்த்துக்கொண்டிருந்தவர். அவரை வென்றதும் டோனியை வென்றதும் ஒரே காலக்கணக்கில் அடங்குமானால் சொல் தளர்ந்துபோகும். நான் சுகர் ரே ராபின்சனைச் சொல்வேன். 1943 பிப்ரவரியில் லமோட்டாவிடம் தோற்றதற்குப் பிறகு, 1951 ஜூலையில் லண்டனில் டர்ப்பினிடம் தோற்கும்வரை, எட்டாண்டுகளுக்கு மேல் அவர் தோற்கவே இல்லை. அந்தக் காலத்துக்குள்தான் அதே லமோட்டாவை மீண்டும் மீண்டும் வென்று, 1951 பிப்ரவரியில் பதின்மூன்றாம் சுற்றில் அவருடைய மிடில்வெயிட் பட்டத்தையும் பறித்தார். கிட் கவிலானை இருமுறை வென்றார். எடை வேறுபாட்டை நீக்கி வீரர்களை ஒப்பிடும் பேச்சே அவரைச் சுற்றித்தான் பரவலாயிற்று.

நம் மேரி கோமையும் சோதித்துப் பாருங்கள். உலகப் போட்டிகளில் 2002, 2005, 2006, 2008, 2010 என்று அடுத்தடுத்து ஐந்து தங்கங்கள். பிறகு 2018இல் ஆறாவது. இதில் கையோங்கு காலம் எது?

அன்புடன்,
கோவில்பட்டி அண்ணாச்சி

பாளையங்கோட்டையிலிருந்து:

மதிப்புக்குரிய அண்ணாச்சிக்கு,

முதல் முடிச்சை இலக்கணமே அவிழ்த்துவிடுகிறது. ‘அவன் கையை ஓங்கினான்’ என்பதில் கை செயப்படுபொருள்; ‘அவன் கை ஓங்கியது’ என்பதில் கைதான் எழுவாய். நம் கலைச்சொல் இரண்டாவதிலிருந்து வருவது. ஆகவே ‘ஜோன்ஸ் கையோங்கினார்’ என்று எவரும் எழுதலாகாது, ‘ஜோன்ஸின் கை ஓங்கியிருந்தது’ என்றே எழுத வேண்டும் என்று ஒரு பயன்பாட்டுக் குறிப்பைச் சேர்த்துவிடலாம்.

இரண்டாவதை அப்படியே ஏற்று, வரையறையில் ‘தரத்தில் நிகரான’ என்பதைச் சேர்க்கிறேன். சேர்த்தால் ஜோன்ஸின் காலம் 1993 மேயில் ஹாப்கின்ஸை வென்றதில் தொடங்கி 1996 அளவில் முடிந்துவிடுகிறது. 2003 மார்ச்சில் ஹெவிவெயிட் ஏறி ஜான் ரூயிஸை வென்றது தனித்து நிற்கும் ஒரு வெற்றி. மேரி கோமுக்கும் அதே முறைதான்: 2002 முதல் 2010 வரை கையோங்கு காலம், 2018 அதற்கு வெளியே மலர்ந்த வாகை.

நீளத்தில் ராபின்சன் முந்துகிறார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மிடில்வெயிட்டுக்குக் கீழான வெல்டர்வெயிட்டில் அவர் கை ஓங்கியிருந்த நாள்களின் படச்சுருள் மிகக் குறைவாகவே எஞ்சியிருக்கிறது. எதிராளி தன் முறைப்படி சண்டையிட முடியாமல் திணறினாரா என்பதை முடிவுப் பட்டியல் காட்டாது, கண்ணால்தான் காண வேண்டும். அதுவரை என் வாக்கு ஜோன்ஸுக்கே.

தொகுப்பில் சேர்க்க வேண்டிய பதிவு:

கையோங்கல் (பெயர்ச்சொல்): எடையிலும் தரத்திலும் நிகரான எதிராளி, தன் முறைப்படி சண்டையிட முடியாதவாறு ஒரு வீரர் களத்தைத் தன்வயப்படுத்தியிருக்கும் நிலை. கையோங்கு காலம்: அந்நிலை தொடர்ந்து நீடிக்கும் காலப்பகுதி; வயதையோ பட்டம் கைவசம் இருப்பதையோ சாராதது.

தென்காசி அன்பருக்கு மறுப்பில்லை என்றால் இந்த வாரமே தொகுப்பில் ஏற்றிவிடலாம்.

தம்பி