இன்ஸ்புருக் பைப் தண்ணிய அப்படியே குடிக்கலாமா?

பிடோக்_அம்மா:
வணக்கம், என் மக ஆஸ்திரியாவுல இன்ஸ்புருக்ல படிக்கப் போயிருக்கா, ஆல்ப்ஸ் மலைக்கு நடுவுல உள்ள சின்ன ஊரு. கெட்டில்ல வெள்ளையா படியுதாம், பருப்பு சீக்கிரம் வேக மாட்டேங்குதாம். இங்க எப்பவும் பைப் தண்ணிதான் குடிப்பா, அங்க ஃபில்டர் வாங்கணுமா இல்ல பாட்டில் தண்ணியா? மனசு கேக்கல, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மலைப்பாதை:
அக்கா, கவலையே வேணாம். அந்த ஊருக்கு தண்ணி பெரும்பாலும் நோர்ட்கெட்டே மலையில மூலாவ் ஊத்துல இருந்து வருது. மழையும் பனி உருகின தண்ணியும் சுண்ணாம்புப் பாறைக்குள்ள எறங்குறப்ப கால்சியமும் மெக்னீசியமும் கரைஞ்சு வரும், அதான் கடினத்தன்மை, அதுவும் அங்க நடுத்தரம்தான். காய்ச்சினா கால்சியம் கார்பனேட்டா கெட்டில்ல ஒட்டிக்கும், உடம்புக்கு கெடுதல் இல்ல, உலக சுகாதார நிறுவனம்கூட கடினத்தன்மைக்கு உடல்நல வரம்புன்னு எதுவும் வைக்கல. பாட்டில் தண்ணி வாங்குறது காசுக்குக் கேடு.

தேக்கா_சமையல்:
பருப்புக்கு நான் சொல்றேன். ராத்திரியே ஊறப் போடச் சொல்லுங்க, வேகுறப்ப ஆப்ப சோடா ஒரு சிட்டிகை, புளி தக்காளி எல்லாம் வெந்தப்புறம்தான், குக்கர் இருந்தா இன்னும் நல்லது. கெட்டில்ல வினிகரும் தண்ணியும் சரிபாதி ஊத்தி சூடாக்கி, அரைமணி நேரம் விட்டு நல்லா அலசணும், படிஞ்சதெல்லாம் போயிடும்.

மலைப்பாதை:
குக்கர் சரியான யோசனை, ஊரு 570 மீட்டர் உயரத்துல இருக்கு, தண்ணி 98 டிகிரியிலயே கொதிச்சிடும். இன்னொண்ணு, பழைய கட்டடம்னா காலையில கொஞ்ச நேரம் ஓடவிட்டு அப்புறம் பிடிக்கணும், சுடுதண்ணி பைப்புல குடிக்கப் பிடிக்க வேணாம்.