மெர்போக்கிலிருந்து பீடோங் வரை ஒரு பகல் நடை, முடிவில் ஒரு குவளைக் கள்

சுங்கைப் பட்டாணி உறுப்பினர்:

நாள் முழுவதும் நடந்து களைத்த பிறகு, அந்த வட்டாரத்திலேயே உருவான ஒரு பானத்தோடு நடையை முடித்துக்கொள்ளும் வழக்கம் வேறு நாடுகளில் சிற்றூர்ப் பீர் ஆலைகளை நம்பி வளர்ந்திருக்கிறது. நம் மலேசியாவின் பெரிய பீர் ஆலைகள் ஷா ஆலமிலும் சுங்கை வேயிலும் நெடுஞ்சாலைகளுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் நடுவே இருப்பதால், அவற்றை நோக்கி நடக்க யாருக்கும் ஆசை வராது. தோட்டப்புறத்தில் பிறந்தவர்களுக்கு அந்தக் குறை இல்லை. காலையில் பாளையிலிருந்து சொட்டி, மாலைக்குள் தானாகவே புளித்து நுரைக்கும் கள் நமக்கு இருக்கிறது. நடைத் தோழர்கள் சிலரும் நானும் கெடா மாநிலத்து மெர்போக்கில் தொடங்கி, செமிலிங் வழியாகத் தோட்டச் சாலைகளையும் கம்பத்து (மலாய்ச் சிற்றூர்) பாதைகளையும் பிடித்துக் கிழக்கே நடந்து, பீடோங் பக்கத்துக் கள்ளுக்கடை ஒன்றில் உட்கார்ந்த அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் இருக்கும் இடத்திலிருந்து புறப்பட்டோம். அங்கே 1959, 1960 ஆம் ஆண்டுகளில் மீண்டும் அடுக்கி நிறுத்தப்பட்ட புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல் அடித்தளத்தை ஒரு சுற்றுச் சுற்றினோம். பழைய கெடாவான கடாரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம்மவர்கள் நகர மாட்டார்கள் என்பது தெரிந்ததால், அந்தப் பேச்சை மாலைக்கு ஒத்திவைத்துவிட்டு நடையைக் கட்டினோம். வழி நெடுகிலும் இடக்கைப் பக்கம் குனோங் ஜெராய் தெரிந்துகொண்டே வரும். 1,217 மீட்டர் உயரந்தான் என்றாலும், கடற்கரைச் சமவெளியிலிருந்து தனியாக எழுந்து நிற்பதால் அது இன்னும் பெரிய மலையாகவே கண்ணுக்குத் தோன்றும்.

செம்பனைத் தோட்டத்துக்குள் நடப்பதைச் சுகமான அனுபவம் என்று சொல்ல முடியாது. பால்மரக்காட்டில் (ரப்பர்த் தோட்டத்தில்) கிடைக்கும் குளிர்ச்சி இங்கே இல்லை. காற்று நின்றுவிடும், செம்மண் தூசி காலில் ஏறும், பழக்குலை ஏற்றிய லோரி வந்தால் ஓரமாக ஒதுங்கி மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். ஆனால் நின்று பார்ப்பவருக்குக் காட்டுவதற்கு அங்கேயும் பல செய்திகள் உண்டு. தூணின் உச்சியில் பொருத்தியிருந்த மரப்பெட்டி எலிகளைத் தின்னும் கூகைகளுக்காகக் கட்டப்பட்ட கூடு என்பதும், சாலையோரத்தில் வரிசையாக நட்டிருந்த பூச்செடிகள் அழகுக்காக அல்லாமல் செம்பனை ஓலையைத் தின்னும் புழுக்களை அழிக்கும் குளவிகளுக்குத் தேன் கொடுப்பதற்காக நடப்பட்டவை என்பதும் எங்களோடு வந்த முன்னாள் மண்டோர் (தோட்டக் கண்காணி) ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. வெட்டிய மட்டைகளை நிரைகளுக்கு நடுவே அடுக்கி வைத்திருப்பார்கள்; அவற்றின் அடிப்பக்கத்து முள் ரப்பர்ச் செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கியிருந்தோம். இனி நடக்க விரும்புகிறவர்களும் அதைச் செய்யுங்கள், இல்லையென்றால் வாயில் காவலரே உங்கள் நடையை முடித்துவைத்துவிடுவார்.

செமிலிங் அருகே உள்ள சுங்கை பத்து அகழாய்வுத் தலத்தில் இளைப்பாறினோம். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் தோண்டிவரும் அந்த இடத்தில், பழங்காலத்தில் இரும்பு உருக்கிய உலைகளும், உலைக்குள் காற்றை ஊதிய சுட்டமண் குழாய்களும் பெருமளவில் கிடைத்திருக்கின்றன. உலைக்கு முன்னால் நாள் முழுவதும் நின்றவர்கள் மாலையில் எதையாவது குடிக்காமலா இருந்திருப்பார்கள் என்று தோழர் ஒருவர் கேட்டார். அதற்குச் சான்று தேடிக் குழி தோண்ட வேண்டாம், நாம் நம் குவளையைத் தேடிப் போவோம் என்று மண்டோர் ஐயா முடித்துவிட்டார்.

கடை எங்கே இருக்கிறது என்பதைக் கடைக்காரர் கேட்டுக்கொண்டதற்கு இணங்கக் குறிப்பிடவில்லை. தென்னை மரங்களுக்கு இடையே துத்தநாகக் கூரை, நீளமான பலகை இருக்கைகள், நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய், இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதில்லை என்ற அறிவிப்பு, அவ்வளவுதான் கடை. மாலைக் கள் வந்து இறங்கியதும் கடைக்காரர் பீப்பாயின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி வடித்தார்; துணியில் தேனீக்களும் சிறு வண்டுகளும் தங்கின, கீழே பால் நிறத்தில் நுரை எழும்பியது. யாருக்கும் ஊற்றுவதற்கு முன் ஒரு சிறு குவளையை எடுத்துப் போய்ப் பின்னால் மரத்தடியில் இருந்த முனியாண்டிக்கு வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு சுருட்டையும் பற்றவைத்துவிட்டு வந்தார். நாங்கள் நெத்திலிப் பொரியலும் அவித்த முட்டையும் வாங்கிக்கொண்டோம். முதல் வாயில் இளநீரின் இனிப்பு, அடுத்து மோர் போன்ற புளிப்பு, கடைசியில் மூக்கில் ஏறும் ஈஸ்ட் வாடை. வெயிலில் வந்த உடம்புக்கு அது இறங்கிய சுகத்தை நான் மறைக்கப் போவதில்லை.

எதிர்ப் பலகையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் முதுகுப் பைகளையும் சேறு படிந்த காலணிகளையும் பார்த்துவிட்டு எங்கிருந்து வருகிறோம் என்று விசாரித்தார். மெர்போக்கிலிருந்து நடந்தே வந்தோம் என்றதும், “வேலையா தம்பி?” என்றார். “இல்லைங்க ஐயா, சும்மாதான் நடந்தோம்” என்றேன். அவர் சற்று நேரம் சிரித்துவிட்டு, “நாங்க இந்த ரோட்டுல நடக்கறதுக்குத் துரை சம்பளம் கொடுத்தான், அதையும் இங்கேயே வாங்கிக்கிட்டான்” என்று சொல்லிக் குவளையை நீட்டினார். நிரை பிடித்துப் பால் வெட்டிய காலத்தைப் பற்றி அவர் அதற்குப் பிறகு நிறையப் பேசினார் என்றாலும், அந்த ஒரு வாக்கியத்தை விட்டு என் மனம் நகரவில்லை. பீடோங் வட்டாரத்தில் வளர்ந்தவர்கள் யாராவது இதைப் பற்றி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பீடோங் உறுப்பினர்:

நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். அந்தப் பெரியவர் சொன்னது வேடிக்கைப் பேச்சு அல்ல. அந்தக் காலத்தில் தோட்டத்துக் கள்ளுக்கடையை நடத்தியதே தோட்ட நிர்வாகம்தான். ஆபீசில் கிராணி (எழுத்தர்) எண்ணிக் கொடுத்த சம்பளம் சில நூறு அடி தள்ளி இருந்த கள்ளுக்கடைக்குப் போய், மறுபடியும் அதே ஆபீசின் கணக்கில் ஏறியது. சம்பள நாளில் எங்கள் அம்மா லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் நின்று அப்பா எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பார். இடப்பக்கம் திரும்பினால் கடை. அப்படித் திரும்பியதும் என்னைக் கூப்பிட்டு, தம்பிக்குக் காய்ச்சல் என்று சொல்லி அப்பாவை அழைத்து வா என்று அனுப்புவார். கடைக்குள் சின்னப் பெண்கள் போகக் கூடாது. வேலியோரத்தில் நின்று கத்த வேண்டும். உள்ளே இருந்த ஆண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்ப்பார்கள், ஏனென்றால் எல்லார் வீட்டிலும் தம்பிக்குக் காய்ச்சல்தான்.

கள்ளை எதிர்த்துத் தோட்ட மக்களே எழுந்த வரலாறும் நம் நாட்டுக்கும் நம் வட்டாரத்துக்கும் உண்டு. 1941 இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் போன்றோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தில் ஊதிய உயர்வோடு சேர்த்துக் கேட்கப்பட்டவற்றில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. வெள்ளைக்காரரைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்பது இன்னொன்று. போர் முடிந்த பிறகு, 1946 இல், இங்கே பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை உருவாகித் தென் கெடாவின் தோட்டங்களில் பரவியது. எங்கள் தாத்தாவும் அதில் இருந்தவர். மாலையில் அணிவகுப்புப் பயிற்சி, பிறகு கள்ளுக்கடை வாசலில் மறியல், குடித்துவிட்டு வந்தவர்களுக்குத் தண்டனை என்று அவர் கதை கதையாகச் சொல்வார். தண்டித்த விதத்தை இன்று கேட்டால் நமக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். எங்கள் பாட்டிக்கு அப்போதும் அது பிடிக்கவில்லை, ஆனால் சம்பளம் முழுசாக வீடு வந்த மாதங்கள் அவை மட்டுமே என்பதையும் பாட்டியே சொல்வார். 1947 இன் தொடக்க மாதங்களில் காவல் படை இறங்கி, மோதல் நடந்து, பலர் சிறைக்குப் போனதோடு அந்த இயக்கம் ஒடுக்கப்பட்டது.

இதையெல்லாம் சொல்வதால் உங்கள் குவளையைத் தட்டிவிட வருகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் அம்மாவே ஞாயிற்றுக்கிழமை ஆப்ப மாவுக்கு ஒரு சிறு போத்தல் கள் வாங்கிவரச் சொல்வார். அந்த ஆப்பத்தின் மணம் ஈஸ்ட் தூளில் வரவே வராது. தோட்டத்துக் கள்ளுக்கடைகள் மூடியபோது நாங்கள் நிம்மதியடைந்தோம். அந்த நிம்மதி நிலைக்கவில்லை, ஏனென்றால் அந்த இடத்துக்குச் சிறிய போத்தலில் மலிவாகக் கிடைக்கும் சம்சு என்னும் காய்ச்சி வடித்த சாராயம் வந்து சேர்ந்தது. கள் குடித்தவரைப் பிடித்து இழுத்து வீட்டுக்குக் கொண்டுவரலாம். சம்சு குடித்தவர்களை நாங்கள் தூக்கிக்கொண்டு வந்தோம், சிலரை நேராக மருத்துவமனைக்கு. 2018 இல் சிலாங்கூர்ப் பக்கம் மெத்தனால் கலந்த மதுவால் பலர் இறந்த செய்தி வந்தபோது, பழைய தோட்டத்துப் பெண்கள் யாருக்கும் அது புதுமையாகப் படவில்லை. நீங்கள் காசையும் நேரத்தையும் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமலும் திரும்பலாம் என்ற நிலையில் அந்தப் பலகையில் உட்கார்ந்தீர்கள். எங்கள் அப்பாவுக்குத் திரும்புவதற்கு வேறு பக்கம் எதுவும் கட்டப்படவில்லை.

பினாங்கு உறுப்பினர்:

நான் மது அருந்துவதில்லை. ஆனாலும் நடையின் முடிவில் உள்ளூர்ப் பானம் ஒன்று வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. மூடா ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள கோத்தா கோலா மூடாவில் நீப்பா என்னும் ஆற்றோரப் பனையிலிருந்து இறக்கிய நீரா என்னும் இனிப்பு நீரைக் கம்பத்து மக்கள் விற்கிறார்கள். வயல் வரப்புகளிலும் ஆற்றோரத்திலும் நடந்துவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தோம். ஒரு மாக்சிக் (மலாய் அம்மா) பனிக்கட்டியிட்டுக் கொடுத்தார், லேசான உப்புச் சுவை கலந்த இனிப்பு. இன்னொரு போத்தலை மாலையில் வீட்டில் போய்க் குடிக்கலாமா என்று கேட்டதற்கு, வேண்டாம், இப்போதே குடித்துவிடுங்கள், மாலையில் அது வேறு பொருள் ஆகிவிடும் என்று சிரித்தார். கள்ளும் நீராவும் ஒன்றுதானா, எந்த நேரத்தில் ஒன்று மற்றொன்றாகிறது என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பாகான் டத்தோ உறுப்பினர்:

எங்கள் அப்பா தென்னை ஏறிக் கள் இறக்கியவர், அதனால் நான் சொல்கிறேன். மரத்திலிருந்து சொட்டும்போது கள் என்று எதுவும் கிடையாது. அது இனிப்பு நீர் மட்டுமே. விரியாத பாளையை நாரால் இறுகக் கட்டி, சிறு கட்டையால் நாள்தோறும் மெல்லத் தட்டித் தட்டிப் பக்குவப்படுத்துவார்கள். பலமாகத் தட்டினால் உள்ளே பூ நசுங்கி அழுகிவிடும், தட்டாமல் விட்டால் நீர் இறங்காது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒலியைக் கேட்டே போதும் என்று நிறுத்துவார். பிறகு நுனியைச் சீவிக் கலயத்தைக் கட்டிவிட்டு, காலையும் மாலையும் ஏறி, முகம் உலராமல் இருப்பதற்காக ஒவ்வொரு முறையும் ஒரு மெல்லிய சீவல் எடுப்பார். கள் இறக்கும் பாளையில் தேங்காய் காய்க்காது என்பதால், எந்தப் பாளையைக் கள்ளுக்கு விடுவது என்பது வீட்டில் பெரிய கணக்கு.

கலயத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் பழைய கள்ளிலும் காற்றிலும் ஈஸ்ட் இருக்கிறது. அதனால் நீர் விழுந்த நொடியிலிருந்தே புளிப்பு தொடங்கிவிடும், சில மணி நேரத்தில் பீருக்கு நிகரான போதை ஏறிவிடும், மறுநாள் அதே நீர் காடியாகிவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிப்பு தடைப்பட்டு நீர் பதநீராகவே இருக்கும். குளிர்ச்சியில் வைத்தாலும் மெதுவாகத்தான் புளிக்கும். பினாங்கு நண்பர் குடித்ததும் சுங்கைப் பட்டாணி நண்பர் குடித்ததும் வேறு வேறு மரம், வேறு வேறு நேரம் என்பதைத் தவிர வேறு பேதம் பெரிதாக இல்லை. பீர் ஆலையில் தானியத்தை முளைக்க வைத்து, காய்ச்சி, ஈஸ்ட் சேர்த்து வாரக்கணக்கில் காத்திருக்கும் வேலையை மரமும் வெயிலும் ஒரு பகலுக்குள் முடித்துவிடுகின்றன. ஆனால் அன்றன்று இறக்கிய கள்ளை ஆலைச் சரக்கைப் போல அப்படியே போத்தலில் அடைத்து ஊர் ஊராக அனுப்ப முடியாது. அடைத்தால் மூடி பறக்கும். ஆகவே கள்ளைக் குடிக்க மரத்தைத் தேடி நாம்தான் போக வேண்டும்.

நடந்து போகிறவர்கள் மாலைக் கள் இறங்கி வரும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு போங்கள். மதியமே போய்ச் சேர்ந்தால் காலைச் சரக்கின் மிச்சத்தைத்தான் ஊற்றுவார்கள், அது பல் கூசும். நல்ல மழை பெய்த நாளில் கலயத்துக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும் என்பதால் அன்றைக்கு நடையை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. சர்க்கரையோ வெள்ளைத் தூளோ கலந்த கள் நாக்கில் வழுவழுப்பாக ஒட்டும். அப்படித் தெரிந்தால் குவளையை அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். காலி வயிற்றில் குடிக்காதீர்கள், திரும்பும் வண்டியை ஓட்டுகிறவருக்கு இளநீர் வெட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள்.