வளவுக்குள் வரும் பாத்திரம்: கூட்டாகக் கதை எழுதுவோரின் அனுபவப் பகிர்வு

காரைக்குடியிலிருந்து

நாலைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுதும் ரோல்ப்ளேயில், செட்டிநாட்டுக் களம் என்றதும் ஒரே பெண் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறாள். வயது 23, பேரழகு, பெற்றோர் இல்லை, பெரிய வீட்டுக்கு ஒரே வாரிசு. அவளைப் பற்றிய குறிப்பு இரண்டு பக்கம் ஓடும். ஆனால் அவளோடு சேர்ந்து எழுத மற்றவர்களுக்கு ஒரு வரி கிடைக்காது. யாருக்கும் அவள் எந்த முறையும் ஆகாதவள், யாரிடமும் அவளுக்கு எந்தக் காரியமும் ஆக வேண்டியதில்லை.

நிறமும் உயரமும் எழுதும் முன் ஐந்து விஷயங்களை முடிவு செய்துவிடுங்கள். எந்த ஊர், எந்தக் கோவில், வீட்டில் எந்த இடம், எந்த ஆண்டு, கதையில் உள்ள மற்ற ஒவ்வொருவருக்கும் என்ன முறை. கடைசியது மிக முக்கியம். முறை தெரிந்துவிட்டால் யார் முன்னால் உட்காரலாம், யாரைக் கேலி செய்யலாம், யாரிடம் கடன் கேட்க நாக்கு எழாது என்பதெல்லாம் தானாக வந்துவிடும்.

நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் பாத்திரம் என்றால் பலரும் சறுக்குவது கோவிலில். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்கோவில், இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என 9 கோவில்கள். ஒரே கோவிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள், அவர்களுக்குள் பெண் எடுக்கவோ கொடுக்கவோ மாட்டார்கள். இளையாற்றங்குடியிலும் மாத்தூரிலும் உட்பிரிவு வேறானால் சம்பந்தம் செய்துகொள்வது உண்டு. இரணியூரும் பிள்ளையார்பட்டியும் கோவில் இரண்டானாலும் அண்ணன் தம்பி முறை. இருவர் வாரக்கணக்கில் காதல் காட்சிகள் எழுதிய பிறகு இந்தச் சிக்கல் தெரிய வந்தால் மொத்தத்தையும் பிரித்துத் தைக்க வேண்டியிருக்கும். அந்தத் தடைதான் கதை என்றால் நல்ல கதைதான். அதை இருவரும் முதல் நாளே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

பெயரிலும் ஒரு வசதி இருக்கிறது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம் என்பதால் ஒரே வளவில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய உள்வீட்டில், இரண்டு சிதம்பரம் இருப்பது இயல்பு. அதை மாற்றாதீர்கள். பெரிய சிதம்பரம், சின்னச் சிதம்பரம் என்று கூப்பிட வையுங்கள். முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து, கடைக்குப் பெயராக நிற்கும் ஒரு விலாசமும் கொடுத்துவிட்டால் கடையும் குடும்பமும் கண்முன் வந்துவிடும்.

தேவகோட்டையிலிருந்து

ஆண்டைப் பற்றி. "பழைய காலம்" என்று மட்டும் எழுதிவிட்டு ஆரம்பிக்கும் கதைகள் பத்தாவது காட்சியில் குழம்பிவிடுகின்றன. 1925-ல் ரங்கூனில் வட்டிக்கடை வைத்திருப்பவரும் 1936-ல் அதே கடை வைத்திருப்பவரும் வேறு வேறு மனிதர்கள். நெல் விலை விழுந்த பிறகு, கொடுத்த கடனுக்குப் பணம் திரும்பவில்லை, நிலம்தான் வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938-ல் அது 25 சதவீதம். ஆகவே 1936-ல் உங்கள் பாத்திரம் காசை அள்ளி வீசினால் நம்ப முடியாது. ஆயிரம் ஏக்கர் இருக்கும், தங்கை கல்யாணத்துக்கு ரொக்கம் இருக்காது. அந்த நெருக்கடியை அவருடைய பேச்சில் வையுங்கள்.

வயதுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1942-ல் ஒருவனுக்கு 27 வயது என்றால் பிறப்பு 1915. பதினைந்து வயதில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையின் கடைநிலை உதவியாளாக, கப்பல் ஏறியிருந்தால் அது 1930. மூன்று வருடக் கணக்கு முடித்து ஊருக்கு வந்து, மறுபடி போய், அடுத்தாளாகி (மேலாளுக்கு அடுத்த நிலை), இப்போது கடைப் பொறுப்பாளரான மேலாளுக்குப் பதில் சொல்லும் நிலையில் இருப்பான். கல்யாணமாகி எத்தனை மாதம் மனைவியோடு இருந்திருப்பான் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த எண்ணிக்கை கிடைத்ததும் அந்தத் தம்பதி எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

கூட்டாக எழுதும்போது வரும் பெரிய கோளாறு மெட்டா கேமிங், அதாவது எழுதுபவருக்குத் தெரிந்ததைப் பாத்திரமும் அறிந்ததாக எழுதிவிடுவது. ரங்கூன் காட்சியை எழுதுபவர் இன்று பதிவு போட்டதும், காரைக்குடி மனைவியை எழுதுபவர் அதைப் படித்துவிட்டு, நாளைக்கே அவளைக் கவலைப்பட வைத்துவிடுகிறார். படித்தது அவளை எழுதுபவர், அவள் படிக்கவில்லை. கடிதம் கடல் தாண்டி வர வாரக்கணக்கில் ஆகும். 1942 மார்ச் 8-ல் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்த பிறகு கடிதத்துக்கே வழியில்லை. ஒரு நோட்டில் பேரேடு மாதிரி இரண்டு பத்தி போடுங்கள்: பாத்திரத்துக்குத் தெரிந்தது, தெரியாதது. தெரியாத பத்தியிலிருந்து தெரிந்த பத்திக்கு ஒன்று மாறினால், எந்தத் தேதியில், யார் சொல்லி என்பதைப் பக்கத்தில் குறியுங்கள். "யார் சொல்லி" என்ற இடம் காலியாக இருந்தால் அந்தக் காட்சியை எழுத வேண்டாம்.

கானாடுகாத்தானிலிருந்து

பேச்சு பற்றிச் சொல்லுகிறேன். ஆச்சி என்றாலே வெள்ளை முடி, பாக்கு உரல் என்று எழுதுகிறார்கள். கல்யாணமாகி வந்த இருபது வயதுப் பெண்ணும் ஆச்சிதான், அக்காவைக் கூப்பிடுவதும் ஆச்சி என்றுதான். ஆயா என்றால் அம்மாவின் அம்மா, வேலைக்காரம்மா இல்லை. அப்பச்சி தகப்பனார், ஆத்தா தாயார், ஐயா தாத்தா, அப்பத்தா அப்பாவின் அம்மா, அண்ணமிண்டி அண்ணன் மனைவி. இந்தச் சொற்கள் சரியாக விழுந்தாலே பாதி வீடு எழும்பிவிடும்.

அதற்காக வரிக்கு வரி வட்டார வழக்கைத் திணிக்க வேண்டாம், படிக்க முடியாது. விளிக்கும் சொல், "வந்தாக, சொன்னாக" என்ற மரியாதை விகுதி, அந்த ஆளுக்கே உரிய ஒரு வாய்ப்பழக்கம், இந்த மூன்று போதும். வாய்ப்பழக்கம் எல்லாப் பதிவிலும் வரக்கூடாது. நான்கைந்து பதிவுக்கு ஒருமுறை வந்தால் ஞாபகம் நிற்கும்.

அடுத்தவர் பாத்திரத்தை நீங்களே அழ வைக்காதீர்கள். "சாவியைத் தர மாட்டேன் என்றான். உமையாள் ஆச்சி நொறுங்கிப்போய் அழுதாள்" என்று எழுதினால் உமையாளை எழுதுபவருக்கு வேலையே இல்லை. "சாவிக்கொத்தை மடியில் செருகிக்கொண்டு, 'அப்பச்சி வரட்டும், அவுக கையில தாரேன்' என்றான். தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த ஆச்சியைத் திரும்பிப் பார்க்கவில்லை" என்று நிறுத்துங்கள். அழுவதா, சிரிப்பதா, பெட்டியின் பூட்டையே உடைப்பதா என்பதை உமையாளே முடிவு செய்யட்டும்.

பள்ளத்தூரிலிருந்து

மேலே சொன்ன ஐந்தில் "வீட்டில் எந்த இடம்" என்பதற்கு இன்னும் கொஞ்சம். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வீடு ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும். முகப்பில் ஆண்கள் பேசும் பேச்சு அடுப்படிக்கு எந்த வழியாக வருகிறது? கொண்டு வருபவர் யார்? அந்த ஆளைத்தான் யாரும் எழுத முன்வருவதில்லை. சமையல்காரர், கணக்குப்பிள்ளை, தச்சர், கண்டாங்கிச் சேலை கொண்டுவரும் நெசவாளி ஆகியோரில் ஒருவரை எடுங்கள். எல்லாக் கட்டுக்கும் போய்வருகிறவருக்கு எல்லாரோடும் காட்சி கிடைக்கும். எதுவரை உள்ளே வரலாம் என்ற எல்லையே அவருடைய குணத்தைக் காட்டிவிடும்.

கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவைச் சுற்றி ஓர் அறை, தனிச் சமையல். "வேறு வைத்துவிட்டார்கள்" என்பார்கள். ஒரே கூரை, நாலு அடுப்பு. அண்ணன் தம்பியாக இரண்டு பேர் எழுதுவதாக இருந்தால் இதைவிட நல்ல களம் கிடையாது. யார் அடுப்பில் இன்று என்ன வேகிறது என்பது எல்லாருக்கும் வாசனையிலேயே தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள்.

பேசாதவர்களை ஒரே இடத்தில் நிறுத்த வேண்டுமானால் பிள்ளையார் நோன்பை எடுங்கள். கார்த்திகை தீபத்திலிருந்து 21 நாள் கழித்து வரும். புது வேட்டியிலிருந்து பிரித்த 21 நூல்களைத் திரியாக்கி, இழைமாவில் (வெல்லம் சேர்த்துப் பிசைந்த அரிசி மாவு) வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். ஆளுக்கொன்றாகப் பெரியவர் எடுத்துக் கொடுப்பார். சொத்துத் தகராறில் முகம் பார்க்காத இருவரும் அன்று அவர் முன்னால் வந்துதான் ஆக வேண்டும். ஆளுக்கு 150 முதல் 200 சொல், ஒவ்வொரு பதிவும் அடுத்தவர் கை நீட்டும் இடத்தில் முடியட்டும்.

தேவகோட்டையிலிருந்து மறுபடியும்

ஒன்று விட்டுப்போயிற்று. யாராவது பாதியில் எழுதுவதை நிறுத்திவிட்டால் அவருடைய பாத்திரத்தைக் கொன்றுவிடாதீர்கள். மலாயாக் கடைக்குக் கணக்குப் பார்க்க அனுப்பிவிடுங்கள். அவருடைய அறை பூட்டியே இருக்கட்டும், சாவி யாரிடம் என்பதை மட்டும் எழுதி வையுங்கள். திரும்பி வந்து எழுதினால் அங்கிருந்து தொடங்கலாம்.