புதுப்பிப்பு: 31 வயதில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்தேன், இடம் கிடைத்தது

அமெரிக்காவில் போட்டி மிகுந்த கல்லூரிகளுக்கு இந்த வயதில் விண்ணப்பித்தால், பள்ளி முடித்த பிள்ளைகளோடு ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

நிற்க வேண்டியதில்லை. வயதில் மூத்தவர்களுக்கான தனிச் சேர்க்கைத் திட்டங்களைத் தேடுங்கள் என்ற யோசனைதான் பலித்தது. யேல் பல்கலைக்கழகத்தின் எலி விட்னி திட்டம் படிப்பில் 5 ஆண்டு இடைவெளியாவது கேட்கிறது. பிரவுன் பல்கலைக்கழகத்தில், பள்ளி முடித்து 6 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜெனரல் ஸ்டடீஸ் கல்லூரி, ஓராண்டு இடைவெளி இருந்தாலே ஏற்கிறது. ஸ்மித் கல்லூரியின் ஆடா காம்ஸ்டாக் திட்டம் 24 வயது நிறைந்த பெண்களுக்கு. இப்படிப்பட்ட ஒரு திட்டத்தில்தான் சேர்கிறேன்.

பரிந்துரைக் கடிதத்தை மேலாளரிடம் வாங்காமல், சமுதாயக் கல்லூரியில் (இரண்டாண்டுப் படிப்பு தரும் உள்ளூர்க் கல்லூரி) அண்மையில் எனக்குப் பாடம் நடத்திய ஆசிரியரிடம் வாங்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. இப்போது என்னால் படிக்க முடியுமா என்பதுதானே சேர்க்கைக் குழுவின் சந்தேகம்!

எதிர்பாராதது ஒன்று: 24 வயதானால் அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் உதவித்தொகைப் படிவமான ஃபாஃப்சாவில் பெற்றோர் வருமானம் காட்ட வேண்டாம். ஆனால் ஒரு கல்லூரி தன் சொந்த நிதியுதவிக்கு அதையும் கேட்டது. நரைத்த தலையோடு அப்பாவின் வருமான வரிக் கணக்கைத் தேடினேன். விண்ணப்பிக்கும் முன்பே நிதியுதவி அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.