பனிமூட்டத்தில் எடுக்கிற படமெல்லாம் சாம்பலாக வருகிறது, என்ன செய்யலாம்?

அக்கரப்பத்தனை_தம்பி:
போன மாதம் பழைய கெனன் 1500டி ஒன்று வாங்கினேன், 18-55 லென்ஸோடு. இதுவரை போனில்தான் எடுத்துப் பழக்கம். காலையில் தோட்டத்து லய வீட்டு வாசலில் நின்றால் மலை முழுக்க வெள்ளைப் பனி, பார்க்க அவ்வளவு அழகு, படத்தில் அழுக்குத் துணி மாதிரி இருக்கிறது. அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது எடுத்தேன், முகம் கறுத்துக் கண்ணே தெரியவில்லை. கெமராவை ஓட்டோ முறையில்தான் வைத்திருக்கிறேன். அம்மா அடுத்த வருடம் வேலையை விடப் போகிறார், அதற்குள் மலையில் நிற்கிற நல்ல படம் ஒன்றாவது வேண்டும்.

ஹட்டன்_அக்கா:
தம்பி, கெமராவில் பழுது இல்லை. அது எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துத்தான் வெளிச்சத்தை அளக்கிறது. வெள்ளைப் பனியைக் காட்டினால் வெளிச்சம் கூடிவிட்டது என்று தானாகவே குறைத்துவிடும், அதனால்தான் பனி அழுக்காகிறது, பனிக்கு முன்னால் நிற்கிற அம்மாவின் முகமும் கறுக்கிறது. ஓட்டோவை விட்டு டயலை ஏவிக்கு (Av, லென்ஸ் துளையின் அளவை நாமே வைக்கிற முறை) மாற்றுங்கள், துளைக்கு எஃப் 5.6 போதும். பிறகு ஏவி +/- பொத்தானை அழுத்திக்கொண்டே சக்கரத்தைச் சுழற்றி, கெமரா அளந்ததைவிட வெளிச்சம் கூடும்படி +1 வையுங்கள். முகம் இன்னும் இருட்டு என்றால் +1.7 வரை போகலாம், பின்னால் பனி வெறும் வெள்ளையாகப் போனாலும் பரவாயில்லை, உங்களுக்கு வேண்டியது முகம்தானே. முடிந்தால் ரோவில் (RAW, கெமரா பதப்படுத்தாமல் சேமிக்கிற கோப்பு) எடுங்கள், அப்புறம் கணினியில் சரிசெய்ய இடம் இருக்கும்.

அப்புத்தளை_ரயில்:
அக்கா சொன்னது சரி, ஆனால் எங்கே நிற்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். கொழுந்து எடுக்கிறவர்கள் குனிந்துதான் நிற்பார்கள், மேலிருந்து எடுத்தால் தலைத்துண்டு மட்டும்தான் வரும். அம்மாவுக்குக் கீழே இரண்டு நிரை இறங்கி, செடி மட்டத்துக்குக் குந்தி எடுங்கள். கிட்டப் போய் எடுங்கள், இடையில் பனி எவ்வளவு குறைவோ அவ்வளவு தெளிவு.
பக்கத்தில் நிற்கிற மற்ற அக்காமாரிடமும் கேட்டுவிட்டு எடுங்கள். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் கேட்காமல் எடுத்துப் போவதைப் பார்த்துப் பார்த்து அவர்களுக்கு அலுத்துப்போய்விட்டது.
ஜூன், ஜூலையில் உங்கள் பக்கம் மழை விடாவிட்டால் ஊவாப் பக்கம் வாருங்கள், தென்மேற்குப் பருவ மழை இங்கே அவ்வளவாக எட்டாது.

மஸ்கெலியா_77:
ஒரு விஷயம் மட்டும். குளிரில் எடுத்துவிட்டு நேரே அடுப்படிக்குள் கெமராவைக் கொண்டுபோகாதீர்கள், லென்ஸில் நீர் படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் விடுங்கள். உடுப்பு அலுமாரியிலும் வைக்க வேண்டாம், என் லென்ஸ் ஒன்றில் பூஞ்சணம் பிடித்தது அப்படித்தான். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, இறுக்கி மூடுகிற பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள்.

அக்கரப்பத்தனை_தம்பி:
எல்லாருக்கும் நன்றி. இன்று காலை +1.3 வைத்து, கீழ் நிரையில் குந்தி எடுத்தேன். அம்மாவின் இமையில் இருந்த பனித்துளிகூடத் தெரிகிறது! கை மட்டும் கலங்கி வருகிறது, ஷட்டர் வேகம் 1/80 வினாடி என்று காட்டியது.

ஹட்டன்_அக்கா:
கொழுந்து எடுக்கிற கைக்கு 1/80 காணாது தம்பி. ஐஎஸ்ஓவை, அதாவது கெமரா வெளிச்சத்தை உணர்கிற அளவை, 1600க்கு ஏற்றுங்கள், ஷட்டர் 1/400க்காவது வரட்டும். கொஞ்சம் மணல்மணலாகத் தெரிந்தாலும் கை நிற்கும். நாளைக்கு எடுத்துவிட்டு இங்கே போடுங்கள், பார்க்கக் காத்திருக்கிறேன்.