விருப்ப ஓய்வு எழுதிக் கொடுக்கிறதுக்கு முன்னாடி சி.பி.எஸ். (பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்) கணக்கை ஒரு தடவை பாருங்க

மேலூர் பக்கத்து செவிலியர்:

எனக்கு 52 முடிஞ்சிருச்சு. 2006ல அரசு ஆஸ்பத்திரியில நிரந்தரப் பணியில சேந்தேன். பாதி சர்வீஸ் பிரசவ வார்டுலயே போயிருச்சு. நைட் டூட்டி முடிச்சு மாட்டுத்தாவணியில பஸ் ஏறுறப்ப முழங்கால் படிக்கட்டுக்கு மடங்க மாட்டேங்குது. 2025 சித்திரைத் திருவிழாவுல, அழகர் ஆத்துல எறங்குன மறுநாள், டூட்டி முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர்கிட்ட "போதும், எழுதிக் குடுத்துர்றேன்"னு சொல்லிட்டேன். அவரும் "சரி, ஒன் ஒடம்புதான் முக்கியம்"னாரு.

விதிப்படி தடையில்ல. 50 வயசு முடிஞ்சிருந்தாலோ 20 வருஷ சர்வீஸ் முடிஞ்சிருந்தாலோ மூணு மாசம் முன்கூட்டியே நோட்டீஸ் குடுத்துட்டுப் போகலாம். எங்க வார்டு ஹெட் சிஸ்டர் அப்படித்தான் போனாங்க. இப்ப ஊர்ல தென்னந்தோப்பைப் பார்த்துக்கிட்டு நிம்மதியா இருக்காங்க. அவங்களை மனசுல வச்சுத்தான் நானும் முடிவெடுத்தேன். ஆனா அவங்க 1995ல சேந்தவங்க, பழைய ஓய்வூதியம். 1.4.2003க்குப் பெறகு சேந்த எனக்கு சி.பி.எஸ். ரெண்டு பேரும் ஒரே வார்டுல ஒரே வேலைதான் பாத்தோம். ஆனா போறப்ப கைக்கு வர்றது வேற வேற.

ஒரு பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டேன். அடிப்படைச் சம்பளம் 60,000னு வையுங்க. அப்ப, 2025ல இருந்த 55% அகவிலைப்படி சேத்தா 93,000. அதுல 10%, அதாவது 9,300 மாசாமாசம் நம்மகிட்ட பிடிக்கிறாங்க, அரசு அதே அளவு போடுது. பழைய திட்டத்துல முழு சர்வீஸ் முடிச்ச ஒருத்தர் இதே சம்பளத்துல போனா 30,000 ஓய்வூதியம், அகவிலைப்படியோட 46,500. வெலவாசி ஏற ஏற அதுவும் ஏறும். எனக்கு இன்னைக்கு வெளிய வந்தா ரெண்டு பங்கும் வட்டியுமா 27 லட்சம் சொச்சம் மொத்தமா வரும், அதோட சரி. அப்ப குடுத்த 7.1% வட்டியிலயே போட்டாலும் மாசம் 16,000 கிட்டத்தான். பத்து வருஷம் கழிச்சும் அதே 16,000. 46,500 வட்டியா வரணும்னா 78 லட்சத்துக்கு மேல முதல் வேணும். 2025ல சி.பி.எஸ்.ல பணிக்கொடையும் இல்ல, நான் போயிட்டா வீட்டுக்காரருக்குக் குடும்ப ஓய்வூதியமும் இல்ல. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

இன்னொன்னு, பல பேர் கவனிக்காதது. தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துல 2025ல 8.2% வட்டி, 30 லட்சம் வரைக்கும் போடலாம். 60 வயசு ஆகணும். ஓய்வு பெத்து வந்தவங்களா இருந்தா 55லயே சேரலாம், பணம் கைக்கு வந்த மூணு மாசத்துக்குள்ள. 52ல போற எனக்கு அந்தக் கதவு தொறக்காது. வெறும் மூணு வருஷ வித்தியாசம்.

அதுக்கப்பறம்தான் கணக்குச் சீட்டை ஆன்லைன்ல எடுத்து வரி வரியாப் பார்த்தேன். 2011 ஜூலையில இருந்து 2012 ஆகஸ்ட் வரைக்கும் 14 மாசம் காலி. சம்பளத்துல பிடிச்சிருக்கு, கணக்குல ஏறல. அப்ப நான் மாறுதல்ல வேற ஒரு ஆஸ்பத்திரியில இருந்தேன். பேரு வேணாம், அங்க இப்ப இருக்கிறவங்க யாரும் அப்ப இல்ல.

லீவு போட்டுட்டு அங்க போனேன். ரெக்கார்டு ரூம்ல பழைய பில் கட்டெல்லாம் சணல் கயித்துல கட்டி அலமாரிக்கு மேல கெடந்துச்சு. இளநிலை உதவியாளர் தம்பி ஒருத்தர், என் மகன் வயசு, ஸ்டூல் மேல ஏறி எறக்கிக் குடுத்தாரு. ராமபாணப்பூச்சி ஓரமெல்லாம் அரிச்சு வச்சிருக்கு. ஒவ்வொரு சம்பளப் பில்லுக்குப் பின்னாடியும் சி.பி.எஸ். ஷெட்யூல் ஒரு தாள் இருக்கும்: பேரு, சி.பி.எஸ். எண், சம்பளம், அகவிலைப்படி, பிடித்தம். விரலை வச்சுக் கீழ வரைக்கும் எறக்கிக்கிட்டே வந்தேன். என் பேரு இருக்கு, பிடித்தம் இருக்கு, எண்ணுல மட்டும் 3 இருக்க வேண்டிய எடத்துல 8. முத மாசம் அடிச்ச தப்பை அடுத்தடுத்த மாசமும் அப்படியே காப்பி எடுத்திருக்காங்க. பிடிச்சது 33,000 கிட்ட. அரசு பங்கும் இத்தனை வருஷ வட்டியும் சேத்தா ஒன்றரை லட்சத்துக்கு மேல வரும். பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரத்துலயும் லீவு எடுக்காம ஒழச்ச காசு அது.

ஒவ்வொரு பில்லோட டோக்கன் நம்பர், வவுச்சர் நம்பர், தேதி மூணையும் எழுதி எடுத்தோம். அதைக் கருவூலத்துல சரிபார்த்துச் சான்று வாங்கி, சம்பளம் போடுற அதிகாரி மூலமா அரசு தகவல் தொகுப்பு விவர மையத்துக்கு அனுப்பணும். நாலு தடவை நடந்தேன். 13 மாசம் ஏறிருச்சு. 2012 மார்ச் மட்டும் இன்னும் நிக்குது, அந்த மாசப் பில்லே கட்டுல இல்ல.

விருப்ப ஓய்வுக் கடுதாசியை இப்போதைக்கு எடுத்து வச்சுட்டேன். 2025 பிப்ரவரியில தமிழ்நாடு அரசு மூணு பேர் குழு போட்டுச்சு, பழைய ஓய்வூதியம், சி.பி.எஸ்., ஒன்றிய அரசோட புதுத் திட்டம் மூணையும் ஆராயச் சொல்லி. அது என்ன சொல்லுதுன்னு தெரியாம வெளிய போக மனசு வரல. எலும்பு டாக்டர்கிட்ட சான்று வாங்கி, பிரசவ வார்டுல இருந்து ஓ.பி. ஊசி ரூமுக்கு மாத்தச் சொல்லிக் கேட்டிருக்கேன். உங்க அனுபவத்தையும் எழுதுங்க.

திருமங்கலம், ஓய்வு பெற்ற மருந்தாளுநர்:

நல்ல காரியம் பண்ணீங்க சிஸ்டர். நான் 1993ல சேர்ந்தவன், 2018ல விருப்ப ஓய்வு, அப்ப வயசு 52. 25 வருஷ சர்வீஸோட விருப்ப ஓய்வுக்கான கூடுதல் 5 வருஷம் சேர்த்து 30 ஆக்கி முழு ஓய்வூதியம் கொடுத்தாங்க. பழைய திட்டத்துல இருக்கிறவங்க 25 முடிச்சிட்டுப் போனா அவ்வளவா நட்டமில்ல.

நான் பண்ணின தப்பு கம்யூடேஷன், அதாவது ஓய்வூதியத்துல ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமா வாங்கிக்கிறது. மகள் கல்யாணத்துக்காக மூணுல ஒரு பங்கை மொத்தமா வாங்கிட்டேன். அது 15 வருஷம் கழிச்சு, 2033லதான் திரும்பச் சேரும். மாசாமாசம் அந்தக் குறைஞ்ச தொகையைப் பார்க்கும்போது வருத்தமா இருக்கு. பொது வருங்கால வைப்பு நிதியில இருந்தே கல்யாணத்தை முடிச்சிருக்கலாம். அப்ப எடுத்துச் சொல்ல ஆளில்ல.

உசிலம்பட்டி:

அக்கா, நான் பணியாளர் இல்ல, பணியாளரோட மனைவி. எங்க வீட்டுக்காரர் லேப் டெக்னீசியன், சி.பி.எஸ். 2023ல நெஞ்சுவலியில போயிட்டாரு, 44 வயசு. குடும்பப் பாதுகாப்பு நிதி 5 லட்சம் வந்துச்சு. சி.பி.எஸ். பணம்தான் வரல. ஏன்னா கல்யாணத்துக்கு முன்னாடி, 2008ல, அவங்க அப்பாவை நாமினியாப் போட்டிருந்தாரு. மாமா 2017லயே எறந்துட்டாங்க. அவரும் மாத்தல, யாரும் மாத்தச் சொல்லல.

தாலுகா ஆபீஸ்ல வாரிசுச் சான்று வாங்கி, அத்தைகிட்ட கையெழுத்து வாங்கி, 11 மாசம் ஆச்சு. அத்தை ஒரு வார்த்தை பேசாமப் போட்டுக் குடுத்தாங்க, அவங்களை நான் மறக்க மாட்டேன். அந்த 11 மாசமும் அண்ணன் வீட்டு அரிசிதான். மாச ஓய்வூதியம்னு எதுவும் கிடையாது. கருணை அடிப்படை வேலைக்கு, எறந்த மூணு வருஷத்துக்குள்ள மனுக் குடுக்கணும், குடுத்திருக்கேன். தயவுசெஞ்சு எல்லாரும் நாமினி பேரைப் பாருங்க.

வாடிப்பட்டி:

நானும் செவிலியர்தான், 2015ல மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலமா ஒப்பந்தத்துல வந்தவ. அப்ப சம்பளம் 7,700. ரெண்டு வருஷத்துல நிரந்தரம்னு சொன்னாங்க, எனக்கு 2023லதான் ஆச்சு. இடைப்பட்ட எட்டு வருஷத்துக்கு சி.பி.எஸ்.ல ஒத்தப் பைசா இல்ல. கொரோனா வார்டுல நின்னது அந்த எட்டு வருஷத்துக்குள்ளதான். எனக்கு விருப்ப ஓய்வுங்கிற பேச்சே கிடையாது சிஸ்டர், 60 வரைக்கும் நின்னாத்தான் ஏதாவது சேரும். ஒப்பந்த நியமன ஆணை, நிரந்தர ஆணை எல்லாத்தையும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சிருக்கேன்.

மேலூர் பக்கத்து செவிலியர்:

உசிலம்பட்டி தங்கச்சி, நீ எழுதினதைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன். என் பணிப்பதிவேட்டை நேத்து ஆபீஸ்ல வாங்கிப் பார்த்தேன். என் நாமினி எங்கம்மா. கல்யாணம் ஆகி எத்தனையோ வருஷம் ஆச்சு. இன்னைக்கே படிவம் வாங்கி வீட்டுக்காரர் பேரு, ரெண்டு பிள்ளைக பேரு எழுதி, ரெண்டு சாட்சி கையெழுத்தோட குடுத்துட்டேன். அம்மாகிட்டயும் சொன்னேன், "இதை அன்னைக்கே செஞ்சிருக்கணும்டி"ன்னாங்க.

2012 மார்ச் பில்லோட கருவூலப் பிரதி கெடைக்குமான்னு திங்கக்கிழமை போய்க் கேக்கப் போறேன். ஊசி ரூமுக்கு மாறுதல் வந்திருச்சு.