ரிசப்ஷனோடு நின்றுபோன கல்யாணம்

(அமேசான் க்ளவுடுக்குப் பைத்தானில் கோட் எழுதி அடிபட்ட மூன்று பேரின் பேச்சு. பெயருக்குப் பதில் ஏரியா.)

தரமணி:
கல்யாண ஸ்டுடியோக்களுக்கு ஆல்பம் தேர்வு செய்யும் ஆப் ஒன்று செய்து கொடுத்திருந்தோம். படங்கள் அமேசான் க்ளவுடின் ஃபைல் கிடங்கான எஸ்3-இல், கோட் பைத்தானில், அதிலிருந்து அமேசானோடு பேச உதவும் எஸ்டிகே (ரெடிமேட் கோட் தொகுப்பு) போட்டோ3. (தமிழில் எழுதினால் போட்டோவும் போட்டோ3-உம் ஒன்றுதான். நிஜத்தில் அது அமேசான் ஆற்று டால்பினின் பெயர்.)

தை முகூர்த்த சீசன். ஸ்டுடியோக்காரர் போனைப் பெண்ணின் அப்பாவிடம் கொடுத்தார். "தம்பி, உங்க ஆப்ல ரிசப்ஷனோட எல்லாம் முடிஞ்சுபோச்சே. எங்க பொண்ணுக்குத் தாலியே கட்டலையா?"

நம்மூரில் ரிசப்ஷன் முந்தின நாள் சாயங்காலமே நடந்துவிடும். ஃபைல் பெயர் தேதி, நேரத்தில் தொடங்கும். எஸ்3 பெயர் வரிசையில்தான் பட்டியல் தரும். கேமராமேன் அன்றைக்கு ராத்திரியே ஆயிரத்துச் சொச்சம் அடித்துத் தள்ளியிருக்கிறார். பட்டியல் கேட்க நான் கூப்பிட்ட கட்டளை, லிஸ்ட் ஆப்ஜெக்ட்ஸ் வி2, ஒரு தடவைக்கு 1000 பெயருக்கு மேல் தராது. பதிலிலேயே 'இஸ் ட்ரங்கேட்டட்: ட்ரூ' (பட்டியல் இன்னும் முடியவில்லை) என்று சொல்லி, அடுத்த தடவைக்கான டோக்கனையும் கையில் கொடுத்திருக்கிறது. நான் 'கன்டென்ட்ஸ்' (பெயர்ப் பட்டியல்) மட்டும் உருவிக்கொண்டு வந்துவிட்டேன். எர்ரர் இல்லை, லாக் பளிச். டெஸ்ட் செய்ததோ என் தங்கை நிச்சயதார்த்தப் படங்களில்; மொத்தமே 340.

ஆயிரமாவது படம்: மேடையில் ஒரு சித்தப்பா குக்கர் பெட்டியை நீட்டுகிறார், கண் பாதி மூடியிருக்கிறது. அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

லீட் அக்கா ஸ்க்ரீனை எட்டிப் பார்த்தார். "ரவுண்டா 1000னு வந்திருக்கே, உனக்கு உறுத்தவே இல்லையா?" போட்டோ3-இன் கெட் பேஜினேட்டர் போட்டோம். டோக்கனைத் தானே சுமந்துகொண்டு கடைசிப் பக்கம் வரை அதுவே போய்வருகிறது. 2,316 படம். தாலி கட்டியாயிற்று.

பெருங்குடி:
எனக்கு அடி வீடியோ பக்கம், தம்பி. மார்கழிக் கச்சேரி ரெக்கார்டிங். எஸ்3-இல் ஃபைல் ஏற்றும் புட் ஆப்ஜெக்ட்டில் ஒரே மூச்சில் 5 ஜிபிதான் ஏறும், இது அதைத் தாண்டியது. துண்டு துண்டாக ஏற்றும் மல்டிபார்ட்டை நானே எழுதினேன், வீம்பு. கடைசித் துண்டு தவிர எதுவும் 5 எம்பிக்குக் குறையக்கூடாது, மொத்தம் 10,000 துண்டுக்கு மேல் போகக்கூடாது, ஒவ்வொன்றுக்கும் எஸ்3 தரும் ஈடேக் என்ற அடையாளக் குறியையும் வாங்கி வரிசையாக ஒப்படைக்க வேண்டும். மூன்று நாள் போயிற்று. அப்புறம்தான் பார்த்தேன், போட்டோ3-இலேயே இருக்கும் 'அப்லோட் ஃபைல்' கட்டளை, ஃபைல் 8 எம்பியைத் தொட்டாலே தானாகத் துண்டு போட்டு, பத்து த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை) வரை வைத்து ஏற்றிவிடுகிறது.

ஒன்று மட்டும் கவனம். நடுவில் கரன்ட் போய் ப்ராசஸ் செத்தால் ஏறிய துண்டுகள் அங்கேயே கிடக்கும். ஃபைல் பட்டியலில் தெரியாது, பில்லில் தெரியும். இதற்கு அப்லோட் ஃபைலும் காவல் கிடையாது. முடியாத அப்லோடை 7 நாளில் அழிக்கச் சொல்லி பக்கெட்டில் (எஸ்3-இல் ஃபைல்கள் இருக்கும் தொட்டி) லைஃப்சைக்கிள் ரூல் போட்டுவிடுங்கள்.

வேளச்சேரி:
வெயிட்டரை யாரும் சொல்லலையே. க்ளவுடில் ஒன்று தயாராகும்வரை நமக்காகக் காத்திருக்கும் போட்டோ3 வசதி அது. க்ளவுட் மெஷினுக்கான (இன்ஸ்டன்ஸ்) 'இன்ஸ்டன்ஸ் ரன்னிங்' 15 வினாடிக்கு ஒரு தடவை, 40 முறை வரை எட்டிப் பார்க்கும். ஆனால் ரன்னிங் என்றால் மெஷின் கண் முழித்துவிட்டது, அவ்வளவுதான். பல் தேய்த்து, காபி குடித்து எஸ்எஸ்எச்சுக்கு (வெளியிலிருந்து உள்ளே நுழையும் வழி) வர இன்னும் நேரம் ஆகும். அதற்கு 'இன்ஸ்டன்ஸ் ஸ்டேட்டஸ் ஓகே' என்று தனி வெயிட்டர் இருக்கிறது. இது தெரியாமல் ஸ்லீப் 60 (60 வினாடி சும்மா இரு) போட்டு ஒரு வருஷம் ஓட்டினேன். பாதி நாள் ஸ்க்ரிப்ட் விழும், நெட்டைத் திட்டுவேன்.

தரமணி:
பெருங்குடி அண்ணே, நீங்க சொன்னதும் எங்க பக்கெட்டில் லிஸ்ட் மல்டிபார்ட் அப்லோட்ஸ் போட்டுப் பார்த்தேன். பாதியில் நின்றது எத்தனை தெரியுமா? சரியாக 1000.

பேஜினேட்டர் போட்டுட்டு வர்றேன்.